ஜப்பானில் ஆங்கில ஆசிரியர்: வகுப்பறைக்கு வெளியே நேரும் தவறுகள்

ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போகிறவர்கள், பாடம் எப்படி நடத்தப்போகிறோம் என்றே கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தேவையில்லாதது. வகுப்பில் உளறினால் பிள்ளைகள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். நகராட்சி அலுவலகம் மறக்காது. முதல் ஓரிரு ஆண்டுகளில் வரும் தொல்லைகளில் பல, தன்னை உண்மையில் வேலைக்கு வைத்திருப்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

'ஆங்கில ஆசிரியர்' என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. 1987 முதல் நடந்துவரும் ஜெட் என்ற அரசுத் திட்டத்தில் துணை ஆசிரியராகப் போனால், பெரும்பாலும் உள்ளூர்க் கல்வி வாரியமே உங்கள் முதலாளி. ஆள் அனுப்பும் தனியார் நிறுவனம் வழியாகப் போனாலும் அதே மாதிரிப் பள்ளி, அதே மாதிரி மேசைதான். ஆனால் சம்பளமும் விடுப்பும் நிறுவனத்தின் கையில். மூன்றாவது, எய்காய்வா எனப்படும் உரையாடல் பள்ளி. அங்கே வேலை பெரும்பாலும் மதியம் தொடங்கி இரவு ஒன்பது வரை நீளும். சிங்கப்பூரிலிருந்து ஜெட் திட்டத்தில் சேரலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மற்ற நாட்டினரிடம், ஆங்கில வழியில் 12 ஆண்டுகள் படித்ததற்கான சான்று கேட்பது வழக்கம். பள்ளிச் சான்றிதழ்களை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டியது ஆகஸ்ட் மாதச் சம்பளம். விளம்பரத்தில் இருக்கும் தொகை, கோடை விடுமுறை மாதத்தில் பாதியாகக் குறையும் ஒப்பந்தங்கள் தனியார் நிறுவனங்களில் சகஜம். அடுத்த தவறு, வேலை கொடுப்பவரிடமே வீட்டையும் ஒப்படைத்துவிடுவது. அன்றைய மிகப் பெரிய எய்காய்வா நிறுவனமான நோவா 2007 அக்டோபரில் நொடித்துப்போனபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. அதைவிடக் கொடுமை, சம்பளத்தில் பிடித்த வாடகை வீட்டு உரிமையாளர்களுக்குப் போய்ச் சேராமல், சிலர் வீட்டையும் காலி செய்ய வேண்டி வந்ததுதான். நிறுவனமே வீடு தருவது வசதிதான், மறுக்கவில்லை. சொந்தமாக வீடு பிடித்தால் முன்பணம், வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொடுத்துத் திரும்பி வராத ரெய்கின், தரகு, உத்தரவாத நிறுவனக் கட்டணம் என்று பல மாத வாடகையை ஒரே நாளில் கொடுக்க வேண்டியிருக்கும். ஓராண்டு நிறுவன வீட்டில் இருந்து பணம் சேர்த்துக்கொண்டு வெளியேறுவதே என் கணக்குக்குச் சரி.

விசா நிறுவனத்தின் சொத்து என்று நினைத்து, பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. தங்கும் தகுதி உங்களுடையது. வேலையை விட்டால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; மூன்று மாதம் தக்க காரணமின்றிச் சும்மா இருந்தால் தகுதி ரத்தாகலாம். அரசுப் பள்ளி வேலைக்கான தங்கும் தகுதி வேறு, எய்காய்வா வேலைக்கானது வேறு. மாறுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள். மாலையில் தனியே பாடம் எடுப்பதற்கும் இதே கவனம் தேவை. புதிய முகவரியைப் பதிவு செய்யவும் 14 நாட்கள்தான் கெடு. தங்கும் அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பணத்தில் எல்லோரையும் சறுக்க வைப்பது ஜுமின்ஸெய் என்ற குடியிருப்பு வரி. முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்து ஏறக்குறைய 10 சதவீதம் போடுவார்கள். வசூல் ஜூனில் தொடங்கும். புதிதாக வந்தவருக்கு முதலாண்டில் இந்த வரி இராது. வரி பிடிக்காத அந்தத் தொகை முழுவதையும் தன் சம்பளம் என்று நம்பிச் செலவு செய்தவர் கையில் இரண்டாம் ஆண்டு கோடையில் பில் வந்து நிற்கும். மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதை: நகராட்சிக் காப்பீடு முதலாண்டில் மலிவு, பிறகு ஏறும். இளமைத் திமிரில் சேராமல் விட்டால், பின்தேதியிட்டு மொத்தமாகக் கேட்பார்கள்.

பள்ளிக்குள் கவனிக்க வேண்டிய இடம் ஆசிரியர் அறை. வரும்போதும் போகும்போதும் உரக்க வணக்கம் சொல்லாதவரை, எவ்வளவு நல்ல பாடம் நடத்தினாலும், ஒட்டாதவர் என்றே எண்ணுவார்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் எல்லா மேசைக்கும் எட்டும்படி தனித்தனியாகச் சுற்றிய இனிப்பு வாங்கி வாருங்கள். பள்ளிக்குள் அணியத் தனிக் காலணி வேண்டும். பெரிய பாதக்காரர்கள் ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது. கூடப் பாடம் நடத்தும் ஜப்பானிய ஆசிரியரின் ஆங்கிலத்தை மாணவர் முன்னே திருத்தாதீர்கள். 2020 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம். ஆங்கிலம் கற்பிக்கவே பயிற்சி பெறாத வகுப்பாசிரியர்கள் பலர் மீது அந்தச் சுமை விழுந்திருக்கிறது. உங்களைக் கண்டு அவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பார். கேள்வி கேட்டதும் வகுப்பு அமைதியானால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து மாணவருடன் பேசிக்கொள்ள ஒரு நிமிடம் கொடுத்தால் கை உயரும்.

சைவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மதிய உணவைப் பிள்ளைகளோடு வகுப்பிலேயே உண்பது பல பள்ளிகளில் வழக்கம். காய்கறியாகத் தெரிவதிலும், மிசோ சூப்பிலும், மீன் சாறு இருக்கும். டப்பாவில் சொந்தச் சாப்பாடு கொண்டுபோவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. தட்டில் மிச்சம் வைப்பதைத்தான் பிள்ளைகள் கவனிப்பார்கள். குப்பை பிரிப்பது பெரிய வித்தையில்லை, நகராட்சி தரும் நாட்காட்டியைச் சமையலறையில் ஒட்டினால் போதும்.

கடைசித் தவறு கிளம்பும்போது நடப்பது. கட்டிய ஓய்வூதியச் சந்தாவில் ஒரு பகுதியை நாடு திரும்பியபின் மொத்தமாகப் பெறலாம். இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிறுவன ஊழியர்களுக்கான ஓய்வூதியத்தில் இருந்தவர்களுக்கு அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். அதையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் புறப்படும் முன்பே ஜப்பானில் இருக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக அறிவித்துவிட்டு வருவது நல்லது. இந்தியர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: 2016 முதல் இரு நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. மொத்தத் தொகையை வாங்கிவிட்டால், ஜப்பானில் உழைத்த அந்த ஆண்டுகள் பிற்காலத்தில் கணக்கில் சேரா.