கௌப்பி அவிக்க முன்: வயிறு ஊதாமல் சாப்பிடுகிற வழி

காலையில் அவித்த கௌப்பியும் தேங்காய்ப்பூவும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய், பின்னேரம் வயிறு பறை மாதிரி ஊதினதும் மத்தியானம் தின்ற மீன்குழம்பைத் திட்டுகிற ஆட்கள் கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர். மீன்குழம்பு பாவம். வாயில் போட்டது பெருங்குடலுக்கு இறங்கவே 5, 6 மணித்தியாலம் போகும், பெரும்பாலும் காற்று கட்டுவது அங்கேதான். ஆகவே கணக்கைக் காலைச் சாப்பாட்டிலிருந்து பாருங்கள்.

கௌப்பியின் மாப்பொருளை உமிழ்நீரிலும் சதையியிலும் சுரக்கிற அமிலேசு என்கிற நொதியம், அதாவது சாப்பாட்டை வெட்டிச் செரிக்கவைக்கிற பொருள், உடைக்கும். புரதத்தை இரைப்பையில் பெப்சின் தொடங்கிவைக்க, சிறுகுடலில் திரிப்சின் பார்த்துக்கொள்ளும். வில்லங்கம் ரஃபினோசு, ஸ்டாக்கியோசு என்கிற சர்க்கரைகளில்தான் இருக்கிறது. அவற்றை வெட்டுகிற நொதியம் அல்பா கலக்டோசிடேசு, அது நம்முடைய சிறுகுடலில் சுரப்பதில்லை. அதனால் அவை முழுசாகவே பெருங்குடலுக்குப் போகும், அங்கே குடியிருக்கிற பற்றீரியாக்களிடம் அந்த நொதியம் தாராளமாக உண்டு, அவை நொதிக்க வைத்து ஐதரசனும் காபனீரொட்சைட்டும் விடும், சிலருக்கு மெதேனும். கூடவே குடற்சுவர்க் கலங்களுக்குச் சாப்பாடான பியூற்றிரிக்கமிலமும் கிடைக்கிறது, ஆகவே கௌப்பியை அடியோடு நிறுத்துவது விசர்வேலை.

சரி, செய்முறை. முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள், விடிய அந்தத் தண்ணீரைக் கட்டாயம் ஊற்றிவிடுங்கள், ஏனென்றால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதில்தான் கரைந்து கிடக்கும். "சத்துப் போகுது" என்று அதிலேயே அவிக்கிற ஆட்களுக்குச் சத்தோடு காற்றும் சேர்ந்துதான் வரும். புதுத் தண்ணீரில் அவித்து, அதையும் வடித்துவிடுவது இன்னும் நல்லது. வன்னியில் பல கிணறுகளில் கல்சியம் கூடின தண்ணீர், அதில் எவ்வளவு அவித்தாலும் பயறுவகை இளகாது, மழைத் தண்ணீரோ பில்டர் தண்ணீரோ பாவியுங்கள், இல்லாவிட்டால் ஊறப்போடும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா. கூடினால் சவர்க்காரம் மணக்கும்.

பயறென்றால் முளைக்க வைப்பதுதான் என் தெரிவு. அம்மம்மா ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுவா, ஒன்றரை நாளில் வால் எட்டிப்பார்க்கும். விதை தான் வளர்வதற்காக, நமக்கில்லாத அதே நொதியத்தைத் தானே உண்டாக்கி அந்தச் சர்க்கரைகளைத் தின்று முடிக்கிறது. பங்குனி வெக்கையில் இடையிடையே அலசாவிட்டால் புளிச்ச மணம் அடிக்கும், அப்படியானதைக் கொட்டிவிடுங்கள்.

கனநாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக ஒரு கோப்பை நிறையப் போட வேண்டாம். முதலில் நாலு கரண்டி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள், சில கிழமைகளில் பற்றீரியாக்களின் கலவை அதற்குப் பழகி ஊதல் குறையும். காற்றுக்கு நல்லதென்று உள்ளியை அள்ளிப்போடுவதும் ஒரு வேடிக்கைதான், உள்ளியிலுள்ள பிரக்டான் என்கிற சர்க்கரைச் சங்கிலியையும் நம்மால் செரிக்க முடியாது, அதுவும் பற்றீரியாவுக்குத்தான் விருந்து.

இவ்வளவும் செய்தும் ஊதுகிறதா? பாலையும் சந்தேகியுங்கள். பெரிய ஆட்கள் நிறையப் பேருக்குப் பாற்சர்க்கரையை வெட்டுகிற லக்டேசு நொதியம் சின்ன வயதிலேயே குறைந்துவிடுகிறது. இரண்டு மூன்று நாள் பால்தேநீரை விட்டுவிட்டு பிளேன்ரீ குடித்துப் பாருங்கள். எருமைத் தயிரை நிறுத்தத் தேவையில்லை, உறையும்போதே பற்றீரியாக்கள் பாற்சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றிருக்கும். மலத்தில் இரத்தமோ காரணமில்லாத மெலிவோ இருந்தால் மட்டும் கௌப்பிக் கணக்குப் பார்த்துக்கொண்டிராமல் டொக்டரிடம் போங்கள்.