மூன்று சுரம், ஒரே சேனல்

பழைய கேம் பாய் கையடக்க விளையாட்டுக் கருவியில் எல்எஸ்டிஜே என்ற இசை மென்பொருளைப் போட்டு இசையமைக்கப் பழகிய முதல் மாதம், என் பாட்டுகள் எல்லாமே சப்பென்றிருந்தன. 1989-இல் வந்த அந்தக் கருவியில் ஒலிக்கு மொத்தமே நான்கு சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ் (இரைச்சல்). ஒரு சேனலில் ஒரு நேரத்துக்கு ஒரு சுரம்தான். கீபோர்டு பழக்கத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் (chord, மூன்று சுரம் சேர்ந்து ஒலிப்பது) மூன்று சேனலை நானே தின்றுவிட்டேன். மிச்சம் நாய்ஸ், அதில் தாளம் போடலாம், மெட்டு எங்கே வைப்பது?

அப்புறம்தான் எல்எஸ்டிஜேயின் சி கட்டளை கண்ணில் பட்டது. ஒரு பல்ஸில் அடிச்சுரத்தை மட்டும் வைத்து, கட்டளைப் பத்தியில் சி 47 என்று போட்டேன். அடிச்சுரம், அதற்கு 4 அரைச்சுரம் மேலே, 7 மேலே என்று மூன்றும் வேகமாக மாறி மாறி ஓடின. காது அதை ஒரே கார்டாக எடுத்துக்கொள்கிறது! சோகமாக ஒலிக்கும் மைனர் கார்டு வேண்டுமா, சி 37.

வேவில் பேஸ் (தாழ்ந்த சுரங்கள்), இன்னொரு பல்ஸில் மெட்டு. சரி, முடிந்தது என்று பார்த்தால் இரண்டு பல்ஸும் ஒன்றையொன்று அமுக்கின. “யாரோ போன் அடிக்கிறாங்க, எடுடா” என்றார் அம்மா. கார்டின் பல்ஸ் அகலத்தை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் அலை மேலே நிற்கும் பங்கை, 12.5 சதவீதமாக மெலிதாக்கி, மெட்டை 50-இல் விட்டேன். மெட்டு தனியாகத் தெரிந்தது. அம்மாவுக்கு இன்னமும் அது போன்தான்.