ஊர்ச் சபையின் வரலாறு தேடி யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

அமெரிக்க மிஷன் வழிவந்த சிறு சபை ஒன்றின் வரலாற்றை எழுதும் எண்ணத்தோடு ஊருக்குப் போகிறவர்கள், எதை ஊரில் தேட வேண்டும், எதைத் தேட வேண்டியதில்லை என்பதைப் புறப்படுமுன்பே பிரித்துக்கொள்வது நல்லது. மிஷனரிமார் 1816-இல் வந்ததும், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய ஆலயங்களைத் திருத்திப் பணி தொடங்கியதும், 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற அவர்களுடைய உயர்கல்விக்கூடம் தோன்றியதும் அச்சில் கிடைப்பவை. அவர்கள் பொஸ்ரனிலிருந்த தங்கள் மிஷன் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

ஊரில் தேட வேண்டியது வேறு. 1855-இல் பொஸ்ரனிலிருந்து வந்த, மிஷன் தலைமையகச் செயலாளர் ரூபஸ் அன்டர்சனின் குழு, ஆங்கிலக் கல்வியைக் குறைத்து, கிராமந்தோறும் தமிழ்ப் போதகரின் பொறுப்பில் சபைகள் வளர வேண்டுமென வற்புறுத்தியது. செமினரியும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. இப்படி வளர்ந்த சபைகளில் ஓலைக்கொட்டில் பள்ளியையும் அங்கே படிப்பித்த வாத்தியாரையும் சுற்றி உருவானவை உண்டு. அந்த வாத்தியாரின் பெயரும், கொட்டிலுக்குக் காணி விட்டவரின் பெயரும் மிஷனரியின் கடிதத்தில் வருவது அருமை. சபையின் கணக்கும் பதிவும் எழுதிவைத்த கொப்பிகளில்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கொப்பிகள் பல வேளைகளில் ஆலயத்தில் இருப்பதில்லை. வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் போரினால் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துக்கொண்டு ஓடியவரின் வீட்டிலேயே அவை தங்கிவிட்டன. எங்கள் சபையின் கொப்பி என் சித்தப்பா முறையான ஒருவரிடம் இருந்தது. 1995-இல் குடாநாடே பெயர்ந்தபோதும் அதைத் துணிப்பையில் சுற்றி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் அவர். நான் அப்போது கனடாவில் இருந்தேன். பின்னாளில் நான் ஊருக்குப் போனபோது, மூன்று பக்கங்களை மட்டும் திறந்து காட்டினார். ஒரு பக்கத்தில் பெண்கள் சேர்த்த பிடியரிசியை விற்று வந்த காசு, ஆள்வாரியாக, மங்கிய நீல மையில் எழுதப்பட்டிருந்தது. பிறகு கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அப்புவின் காணியில் எனக்குள்ள பங்கிற்கு அற்றோணித் தத்துவம் (என் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதித் தந்தால் மிகுதியைப் பார்க்கலாம் என்றார். ஆலயத்துக்கு நிலம் கொடுத்தவர் எங்கள் அப்பு என்றே நான் எழுத வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது நிபந்தனை. நான் பார்த்த பக்கத்திலோ, கொடுத்தவராக வேறொரு குடும்பத்தின் பெயர் இருந்தது. அந்தக் குடும்பத்தை எங்கள் பக்கத்தார் தங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டதில்லை.

நான் கையெழுத்திடவில்லை. அவருடைய கோரிக்கை எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வளவைக் கூட்டி, வேலியடைத்து, வழக்கும் பேசியவர் அவர்தான் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆகவே காணிப் பேச்சு இருக்கிறதா என்பதைச் சகோதரர்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அதை நீங்களே அமர்த்திய நொத்தாரிசிடம் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். விறாந்தையில் தேநீரோடு நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாகிய அந்த மரபு இன்று இரு பிரிவாக நிற்பதால், எந்தப் போதகரிடமும் மற்றப் பிரிவைப் பற்றி விசாரிக்காமல் பதிவேட்டை மட்டும் கேளுங்கள். சாதியால் ஆலயத்தின் கடைசி வாங்கில் இருத்தப்பட்ட குடும்பங்களின் வீடுகளுக்கும் கட்டாயம் போங்கள். சபையின் தொடக்க ஆண்டுகளை அங்கே உள்ள மூதாட்டிமார் பெயர் பெயராகச் சொல்கிறார்கள்.

கொப்பி கைக்கு எட்டினால் வெளியே கொண்டுபோகக் கேட்க வேண்டாம். வைத்திருப்பவரின் முன்னாலேயே, அவருடைய மேசையில் வைத்துப் படம் எடுத்து, முதல் அச்சுப் பிரதியை அவரிடமே கொடுங்கள். அவர் சம்மதித்தால் மற்றொன்றை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள்.