பாக்டீரியா நீந்துவதைப் பகடை உருட்டிக் கணக்கிடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமை காலைகளில் என் வீட்டுத் திண்ணையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டர்பன் கடலில் குளித்து வளர்ந்தவர்கள். பாக்டீரியாவும் தங்களைப் போலவே நீந்தும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பை மாற்ற ஒரு வகுத்தல் போதும்.

திரவத்தின் அடர்த்தி, நீந்துவதன் வேகம், நீளம் மூன்றையும் பெருக்கித் திரவத்தின் பாகுத்தன்மையால் (கெட்டித்தன்மையால்) வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். அது சிறியதாக இருந்தால், ஓடிய வேகத்தில் சறுக்கிப் போக விடாமல் திரவம் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். முதலில் எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராம், நொடி அலகுகளுக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் தவறுவது இங்கேதான். தண்ணீரின் அடர்த்தி 1000, பாகுத்தன்மை 0.001. ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் 2 மைக்ரோமீட்டர், வேகம் நொடிக்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர். விடை 0.00004. மனிதருக்கோ பத்து லட்சத்தைத் தாண்டும்.

என் தாத்தா நேட்டால் கரும்பாலையில் வேலை பார்த்தவர். ஆலைத் தொட்டியில் தேங்கும் கருப்புப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள்; பாக்டீரியாவுக்குத் தண்ணீர் அதைவிடக் கெட்டி. வாலை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடும். ஒரே அசைவை முன்னும் பின்னும் செய்தால், முன்னே போனதெல்லாம் பின்னே வந்துவிடும் என்று 1977இல் இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் விளக்கினார். அதனால்தான் சுருள் வாலைத் திருகுபோலச் சுழற்றுகிறது.

இனிப் பகடை. ஈ.கோலை ஏறக்குறைய ஒரு நொடி நேராக ஓடும், ஒரு கணம் புரளும், வேறு திசையில் ஓடும். எந்தத் திசை என்பது தற்செயல்; அதற்குத்தான் பகடை. கட்டத்தாளின் நடுவில் புள்ளி வையுங்கள். 1 மேலே, 2 கீழே, 3 இடம், 4 வலம்; 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கட்டம். 100 வீச்சு முடிந்ததும், தொடக்கத்திலிருந்து நேர்த்தூரத்தை அளந்து வர்க்கமாக்குங்கள். ஒருவர் தாளை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பலருடைய வர்க்கங்களின் சராசரிதான் 100ஐ ஒட்டி வரும். அதாவது, 100 அடி வைத்தும் போனது 10 கட்டம் அளவே.

ஒரு வீச்சு என்பது ஒரு நொடி ஓட்டம், 20 மைக்ரோமீட்டர். அந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு, அதாவது 50 ஓட்டத் தூரத்துக்கு, 50இன் வர்க்கமான 2500 ஓட்டங்கள்: 42 நிமிடம். நேராகப் போனால் 50 நொடி! உண்மையில் புரளும்போது பழைய திசை முழுவதும் மறப்பதில்லை, திருப்பம் சராசரியாக 68 பாகை. ஆகவே இன்னும் விரைவாகவே பரவும்.

உணவு வலப்பக்கம் இருந்தால்? திசையைத் தேர்ந்தெடுக்கப் பாக்டீரியாவால் முடியாது. உணவு கூடிக்கொண்டே வந்தால் புரள்வதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. எனவே 4 விழுந்தால் மட்டும் இரண்டு கட்டம் நகருங்கள். 100 வீச்சில் சராசரியாக 25 கட்டம் வலப்பக்கம் போகும். போன வாரம் ஒரு மாணவிக்குத் தாள் போதவில்லை. என்னிடம் இன்னொன்று வாங்கி, வலது ஓரத்தில் ஒட்டித் தொடர்ந்தாள்.