விளக்கெண்ணெய்: தேய்ப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு

முதல்முறை விளக்கெண்ணெய் தேய்த்தபோது நான் எதையும் கலக்கவில்லை, அளக்கவும் இல்லை. பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கை நிறைய ஊற்றி, இடுப்பு வரை இருந்த முடியில் அப்பி, உச்சியில் கொண்டை போட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து நேரே ஷவரைத் திறந்தேன். பின்கழுத்துப் பக்கம் ஒரு கொத்து முடி தேங்காய் நார் மாதிரி முறுக்கிக்கொண்டது. அம்மா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து, சீப்பை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். நீள முடியில் இந்த எண்ணெய் இப்படிச் சிக்குப் போடுவது தோல் மருத்துவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால்தான் இந்தக் குறிப்பில் தேய்ப்பதைவிட எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போகிறேன்.

படி 1: சரியான பாட்டிலை வாங்குங்கள்

பேரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடையில் போய் "அண்ணே, விளக்கெண்ணெய்" என்று கேட்டால், அவர் விளக்கேற்றும் தீப எண்ணெயை எடுத்து நீட்டக்கூடும். அவர் மேல் தப்பில்லை. நாம் கேட்டதே அதுதானே! தீப எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அது தோலுக்கு வேண்டாம். "உடம்புக்குத் தேய்க்கிற ஆமணக்கு எண்ணெய்" என்று விளக்கமாகவே கேளுங்கள்.

மலாய்க்காரர் கடையில் வாங்கினால் 'மின்யாக் ஜாராக்' என்பார்கள். ஆனால் 'ஜாராக் பாகார்' என்பது வேறு செடி. அது நம் காட்டாமணக்கு, நச்சுத்தன்மை உள்ளது. லேபிளில் 'ரிசினஸ் கம்யூனிஸ்' என்று இருந்தால் ஆமணக்குதான். மலேசியாவில் அழகுப் பொருளாக விற்கப்படும் எண்ணெய்க்கு என்-ஓ-டி (NOT) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண்ணும் இருக்க வேண்டும். வெளிர்மஞ்சள் நிறத்தில், செக்கில் ஆட்டியதாகவோ சூடேற்றாமல் பிழிந்ததாகவோ இருப்பதை நான் எடுப்பேன். லேபிளை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள். பழமொழிக்குத்தான் சொல்கிறேன். நிஜமாகவே கண்ணில் ஊற்றிவிடாதீர்கள், அது கிருமி நீக்கிய மருந்து இல்லை.

இன்னொன்று. புறம்போக்கு நிலத்தில் ஆமணக்குச் செடி தானாக வளர்ந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, விதையைப் பொறுக்கி வீட்டிலேயே எண்ணெய் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். விதையில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாத புரதம் என்பதால், முறையாகப் பிழியும்போது புண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. அந்தப் பிரிப்பு வேலையை ஆலைக்காரர்களிடமே விட்டுவிடுவோம்.

படி 2: ஒரு சொட்டு, ஒரு நாள்

முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு தடவி 24 மணி நேரம் விடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ இந்த எண்ணெய் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. லிப்ஸ்டிக் போட்டு உதடு அரித்தவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் பல லிப்ஸ்டிக்குகளில் விளக்கெண்ணெய் சேர்க்கிறார்கள்.

படி 3: கலக்குங்கள்

ஒரு டீஸ்பூன் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் என்றால் சட்டென்று விழும். இது தேன் மாதிரி நூலாக இறங்கும், நடுவில் அறாது, கிண்ணத்தின் அடியில் சுருள் சுருளாக மடிந்து உட்காரும். கரண்டியை நிமிர்த்தினாலும் வால் ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கும். இதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம், அதுதான் இந்தப் பிசுக்குக்குக் காரணம். ஒரு காலத்தில் இயந்திரங்களுக்கே இதைக் கலந்து ஊற்றினார்கள். மோட்டார் கடையில் பார்க்கிற காஸ்ட்ரால் என்ற பெயரே, ஆங்கிலத்தில் இதற்குள்ள 'காஸ்டர் ஆயில்' என்ற பெயரிலிருந்து வந்ததுதான்.

அதனால் தனியாகத் தேய்க்காதீர்கள். தலைக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய்க்கு மூன்று டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். உடம்புக்கு என்றால் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், அளவு அதேதான். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் எண்ணெய் இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், மைக்ரோவேவும் வேண்டாம். தேய்க்கும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள்.

படி 4: தலைக்கு

முதலில் காய்ந்த முடியைச் சிக்கில்லாமல் வாரிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் என் கதைதான். வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியில் தொட்டு, உச்சந்தலையில் மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். உள்ளங்கையால் பரபரவென்று உரசக் கூடாது. நுனி முடிக்கு, கையில் மிச்சம் ஒட்டியிருப்பதே போதும். கொண்டை போடாமல் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பினாங்கின் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்திருந்தால் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து நெற்றியில் வேர்க்குருவும் பருவும்தான் மிச்சம். வாரம் ஒரு தடவை தாராளம்.

முடி வளருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பளபளப்பு வரும், வறண்ட முடி படியும். எனக்கு அதுவே போதும். கொத்துக் கொத்தாகக் கொட்டினால் எண்ணெயை நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

படி 5: எடுப்பது

தண்ணீரைத் தொடும் முன் ஷாம்பு. எண்ணெய் முடியில் தண்ணீர் பட்டுவிட்டால் அப்புறம் ஷாம்பு வழுக்கிக்கொண்டு ஓடும், நுரைக்காது. ஆகவே காய்ந்த எண்ணெய்த் தலையிலேயே ஷாம்புவைப் போட்டு, இரண்டு நிமிடம் விரலால் தடவிக் கலக்குங்கள். பிறகு கையில் கொஞ்சமாக வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துத் தெளியுங்கள். பால் மாதிரி வெள்ளையாகக் கரைந்து வரும். அது வந்த பிறகுதான் ஷவர். முடியை மேலிருந்து கீழாக நீவியே அலச வேண்டும், உச்சியில் குவித்துப் பிசையக் கூடாது. இன்னொரு தடவை ஷாம்பு போட்டு, கண்டிஷனர் தடவி, அது தலையில் இருக்கும்போதே பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து வாரிவிடுங்கள்.

சீகைக்காய்தான் பழக்கம் என்றால் அதோடு பாதிக்குப் பாதி பச்சைப்பயற்று மாவு கலந்து, கெட்டியாகக் குழைத்து, அதே மாதிரி தண்ணீருக்கு முன்பே பூசுங்கள். பயற்று மாவு எண்ணெயை நன்றாக உறிஞ்சும்.

படி 6: உடம்புக்கும் காலுக்கும்

நல்லெண்ணெய்க் கலவையை முழங்கால், கெண்டைக்கால், தோள் என்று கீழிருந்து மேலாக நீவலாம். நாள் முழுக்கக் கடையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்குப் பாதத்தில் பத்து நிமிடம் தேய்த்தாலே சுகம் தெரியும். வீங்கிச் சூடாக இருக்கிற மூட்டையும் அடிபட்ட இடத்தையும் அழுத்தாதீர்கள்.

பித்தவெடிப்புக்கு மட்டும் கலக்காமலே போடுவேன். காலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, ஈரம் முழுதும் காயும் முன் குதிகாலில் இரண்டு சொட்டு. மேலே பருத்திக் காலுறை. உதட்டுக்கும் முழங்கைக்கும் ஒரு சொட்டு போதும். முகத்தில் பரு வருகிறவர்கள் முகத்தை விட்டுவிடுங்கள். திறந்த புண்ணிலும் வேண்டாம்.

பாட்டி காலத்தில் தோட்டத்தில் பள்ளி விடுமுறைக்குப் பேதிக்குக் கொடுத்தார்களே, குடிக்கலாமா என்று கேட்பீர்கள். டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் குடிக்கக் கூடாது, கருப்பை சுருங்க ஆரம்பித்துவிடக்கூடும்.

குளித்து முடித்ததும் தரையைக் கவனியுங்கள். ஓடு பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், கால் வைத்தால்தான் தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டு வெளியே வருவேன். எங்கள் வீட்டில் எனக்கு அடுத்துக் குளிக்கப் போகிறவர் அப்பா, வயது 72.