கரும்பில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கரணையில் தொடங்கும் நட்டம்

பள்ளிப்பட்டு, திருத்தணி, நகரி வட்டாரத்தில் சில ஆண்டுகளாகப் புதியவர்கள் பலர் கரும்புக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு அப்பாவின் நிலத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு. நெல் நடவுக்கு ஆள் கிடைக்காமல் கரும்புக்கு மாறியவர்களும், சித்தூர் பக்கத்துச் சம்பந்திகள் ஒரு பருவத்தில் வெல்லம் காய்ச்சி நல்ல காசு பார்த்ததைக் கண்டு ஆசைப்பட்டவர்களும் உண்டு. இவர்களுடைய வயல்களைச் சுற்றி வரும்போது, எங்கள் தலைமுறை எந்தெந்தத் தவறுகளுக்கு அறுவடையைப் பறிகொடுத்ததோ, அதே தவறுகள் திரும்பவும் நடப்பதைக் காண்கிறேன்.

களையை விட்டுவிடுவது, முளைப்புக் காலத்தில் வயலைக் காயப்போடுவது, எருக்குழியே இல்லாமல் உரக்கடையை மட்டும் நம்பியிருப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைப் பக்கத்து நிலத்துக்காரரே வரப்பில் நின்று சொல்லிவிடுவார். நட்டு முடித்த பிறகு திருத்த வழியில்லாத தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவற்றில் முதலாவது தவறுக்கே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி போய்விடும். அதைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சும்மா கிடைக்கிறதே என்று வாங்கும் கரணை

கரணை என்பது விதையாக நடும் கரும்புத் துண்டு. ஒரு ஏக்கருக்கு இரு பருக் கரணைகளாக (இரண்டு முளைக்கண் உள்ள துண்டுகளாக) நட்டால் ஏறத்தாழ 30,000 கரணைகள் தேவைப்படும். இவ்வளவு கரும்பை விலை கொடுத்து வாங்கி, வெட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது புதியவருக்குப் பெரிய செலவாகத் தெரிகிறது. அந்த நேரத்தில்தான் வெல்லக் கொட்டகை வைத்திருக்கும் உறவினரோ தெரிந்தவரோ, அடிக்கரும்பை ஆலைக்குத் தள்ளிவிட்டு நுனிக்கரும்பை விதைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பாதி விலைக்குக் கிடைக்கிறது, சில சமயம் இலவசமாகவே கிடைக்கிறது. கரும்பும் பார்க்கப் பருமனாகவும் பளபளப்பாகவும் இருக்கிறது.

எங்கள் ஊரில் உறவுமுறையில் மருமகனாகும் ஓர் இளைஞன் அப்படித்தான் எல்லைக்கு அப்பாலிருந்து இரண்டு டிராக்டர் நிறையக் கரணை கொண்டுவந்து தை மாதத்தில் நட்டான். அது பதினோரு மாதத்துக் கரும்பு. அதுவும் மறுதாம்புக் கரும்பு, அதாவது முன்பு வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைத்தது. "எத்தனையாவது மறுதாம்பு என்று கேட்டாயா?" என்றபோது, "கேக்கல மாமா, ஆனா பாக்க நல்லாத்தானே இருக்கு" என்றான். முளைப்பும் நன்றாகவே வந்தது, ஆனி வரை வயலில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆடியில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு, மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகள் சில குத்துகளில் (ஒரே அடியிலிருந்து கிளம்பிய கரும்புக் கூட்டங்களில்) மட்டும் மஞ்சளாகி ஓரத்திலிருந்து காயத் தொடங்கின. சத்துக் குறைபாடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு யூரியா போட்டான். பதினைந்து நாளில் முழுத் தோகையும் காய்ந்தது.

அந்தக் குத்தில் ஒரு கரும்பை வெட்டி, அரிவாளால் அடியிலிருந்து நுனி வரை நெடுக்காகப் பிளந்து காட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய உள்சதையான சோறு செங்கல் நிறத்தில் இருந்தது. அந்தச் சிவப்பின் குறுக்கே, விரல் அகலத்தில் அங்கங்கே வெண்திட்டுகள் கிடந்தன. முகத்துக்கு அருகில் கொண்டுபோனபோது புளித்த கள்ளின் நெடி அடித்தது. குறுக்கே வெண்திட்டும் புளித்த நெடியும் சேர்ந்து இருந்தால் அது செவ்வழுகல் நோய்தான். வேறு எதுவென்றும் குழம்ப வேண்டியதில்லை. தெலுங்கு பேசும் ஊர்களில் எர்ரகுள்ளு என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்த நோய் கரணைக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறது. வெளித்தோலில் அடையாளம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நோய் தாங்கிய கரணை முளைத்து, அடியில் பக்கத் தளிர்விட்டுத் தூர் கட்டி, மழைக்காலத்தில் கரும்பு வேகமாக வளரும்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அதற்குள் நடவுச் செலவும், இரண்டு தவணை உரமும், மண் அணைப்புக் கூலியும் நிலத்தில் இறங்கிவிடுகின்றன. பிறகு அது பாசனத் தண்ணீரோடும் மழைநீரோடும் அடுத்த வயலுக்கு நகர்கிறது. அந்த ஆண்டு அவன் வயலுக்குக் கீழே, அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்களும் கரும்பை இழந்தார்கள். கரணை கொடுத்தவர், தன் வயலில் முன்பே இரண்டு இடங்களில் கரும்பு காய்ந்தது தெரியும் என்று பின்னால் சாதாரணமாகச் சொன்னார். அதைக் கேட்டபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. தன் வயலில் கரும்பு காய்வதைப் பார்த்த பிறகும் அதையே விதையாக இன்னொருவருக்குக் கொடுப்பவர், பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்தக் குடும்பத்தின் ஒரு வருட உழைப்பை எடுத்துக்கொள்கிறார்.

கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய பள்ள நிலங்களில் இது இரட்டிப்பு ஆபத்து. ஆந்திரப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிடும் மழைக்காலங்களில் ஆற்றோரக் கரும்பு நாள்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது. செவ்வழுகலைக் குத்துக்குக் குத்து கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அப்படித் தேங்கும் நீரே போதும், வேறு எதுவும் தேவையில்லை.

புதியவர்கள் இதற்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மருந்தில் நனைத்துத்தான் நட்டோம்." 100 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லி, ஒரு கிலோ யூரியா கலந்து கரணைகளைக் கால் மணி நேரம் ஊறவைப்பது நல்ல பழக்கமே. வெட்டுவாய் வழியாக மண்ணிலிருந்து ஏறும் பூஞ்சணத்தை அது தடுக்கும், முளைப்பும் சீராக இருக்கும். ஆனால் கணுவுக்குள் ஏற்கெனவே குடியேறிவிட்ட செவ்வழுகலை அந்தக் கால் மணி நேர ஊறல் எட்டுவதில்லை. நல்ல கரணையைப் பாதுகாப்பதற்காக உள்ள மருந்தை, கெட்ட கரணையைக் குணப்படுத்தும் மருந்தாக நினைப்பதிலிருந்தே இந்த நட்டம் தொடங்குகிறது.

ரகத்தின் பெயரைச் சொல்லித் தைரியம் கொள்வதும் அதே வகைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோதாவரிப் படுகையின் கரும்பைச் செவ்வழுகல் அழித்தபோது அதை ஆராய்ந்த தாவரவியலாளர் பார்பர்தான், பின்னர் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்றார். அன்றிலிருந்து இன்றுவரை ரகம் மாறி ரகம் வந்துகொண்டே இருக்கிறது. நோயும் தன்னை மாற்றிக்கொண்டு பின்தொடர்கிறது. சர்க்கரைச் சத்தில் தமிழ்நாட்டையே மயக்கிய கோசி 671 ரகம் செவ்வழுகலால்தான் வயல்களை விட்டுப் போனது. உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்த கோ 0238 ரகத்துக்கும் சில ஆண்டுகளுக்கு முன் அதே கதி நேர்ந்தது. நாம் பரவலாக நடும் கோ 86032 ரகமோ கோசி 671இன் வாரிசு. அது இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்காக அதை மதிக்கிறேன். ஆனால், நோய் தாங்கிய வயலிலிருந்து எடுத்த கரணைக்கு ரகத்தின் பெயர் காவல் இருக்காது.

ஆகவே கரணைக்கென்றே வளர்த்த நாற்றங்கால் கரும்பை மட்டும் வாங்க வேண்டும். அது முதல் நடவுக் கரும்பாக, ஆறு முதல் எட்டு மாத வயதுக்குள் இருக்க வேண்டும். அந்த வயதில் பருக்கள் இளசாக, ஒரே சீராக முளைக்கும்; முற்றிய கரும்பின் அடிப்பருக்கள் பாதிக்குமேல் தூங்கிவிடும். வெப்பக் காற்றிலோ காற்று கலந்த நீராவியிலோ பக்குவப்படுத்திய கரணையிலிருந்து பெருக்கிய நாற்றங்கால் என்றால் இன்னும் நல்லது. கரணை வழியாகப் பரவும் புல்தழை நோயும் கரிப்பூட்டை நோயும் அதில் வெகுவாகக் குறையும். வாங்குவதற்கு முன் வயலுக்குள் இறங்கி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் சில கரும்புகளைக் கேட்டு வாங்கி நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். பிளக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். ஒரு வயலில் ஒரே ஒரு குத்தில் செவ்வழுகல் தெரிந்தாலும், மீதிக் கரும்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த வயலிலிருந்து ஒரு கரணையும் எடுக்கக் கூடாது. கரணை வெட்டும் கத்தியையும் கவனிக்க வேண்டும். மறுதாம்புக் குட்டை நோய் கத்தியின் வழியாகவே கரும்பிலிருந்து கரும்புக்குத் தொற்றுவதால், இடையிடையே அதைக் கிருமிநாசினியில் நனைத்துக்கொள்வது நல்லது.

நோய் வந்துவிட்ட வயலில், பாதித்த குத்துகளை வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே எரித்துவிட்டு, பிடுங்கிய குழியில் கார்பன்டசிம் கரைசலை ஊற்ற வேண்டும். அங்கிருந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாதபடி மடையை அடைக்க வேண்டும். அந்தக் கரும்பை மறுதாம்பு விடவே கூடாது. வெட்டியவுடன் கட்டையைக் கிளறி எடுத்துவிட்டு, ஒரு போகமாவது நெல் நட்டுத் தண்ணீர் கட்டிய பிறகே மீண்டும் கரும்பை நினைக்கலாம். என் மருமகன் கடைசியில் அதைத்தான் செய்தான். இரண்டு போகம் நெல் எடுத்துவிட்டு, ஐந்தடிக்கு இரண்டடி இடைவெளியில் ஒரு பரு நாற்றுகளை நட்டிருக்கிறான். ஏக்கருக்கு ஐயாயிரம் நாற்று போதும் என்பதால், விதைக்கரும்பின் அளவும் வண்டிக்கூலியும் வெகுவாகக் குறைந்தன. கரணைக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் இலவசக் கரணையைத் தேடுவதைவிட இந்த வழியைத் தேடலாம்.

நெருக்கி நடுதல்

இரண்டரை அடிப் பாரில் (நடவு வரிசையில்) நட்டால் கரும்பு கூடுதலாக நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். எண்ணிக்கையில் கூடுதலாக நிற்பது உண்மைதான், ஆனால் வெளிச்சம் கிடைக்காத தூர்கள் பாதியில் செத்து, மீதியும் மெலிந்துதான் நிற்கும். இன்று களையெடுக்கவும் மண் அணைக்கவும் பவர் டில்லரோ சிறிய டிராக்டரோ உள்ளே நுழைந்தாக வேண்டும். ஆள் தேடி அலைந்து, அணைக்க வேண்டிய நேரத்தைத் தவறவிடுபவர்களில் பெரும்பாலோர் நெருக்கி நட்டவர்களே.

அரைகுறையாக மண் அணைத்தல்

மூன்றாம் மாதக் கடைசியில் முழு அணைப்பை முடிக்காத வயல், ஐப்பசிக் காற்றுக்குச் சாயும்.

வெல்லக் கரும்புக்கு ஆலைக் கரும்பின் உரம்

இந்தத் தவறு எல்லைப் பகுதிக்கே உரியது. இங்கே ஒரே வயலின் கரும்பு ஒரு வருடம் திருவாலங்காட்டு ஆலைக்கும், மறு வருடம் சித்தூர்ச் சந்தைக்குப் போகும் வெல்லமாகவும் மாறுகிறது. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பைவிட வெல்லத்துக்கான கரும்புக்குத் தழைச்சத்தைக் குறைத்தே இட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடைசித் தவணையும் நட்ட தொண்ணூறு நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். ஆறாவது மாதத்தில் பச்சை குறைந்ததாகத் தோன்றி ஒரு மூட்டை யூரியாவை வீசினால், கரும்பு தழைக்கும், சாறும் கூடும், ஆனால் அந்தச் சாற்றில் சர்க்கரை இறங்கிவிடும். கொப்பரையில் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு பதம் பிடிக்காமல் இளகியே நிற்கும். அப்போது நிறத்துக்காக ஹைட்ராஸ் என்ற வெளுப்பு இரசாயனத்தையும் இறுகலுக்காகச் சர்க்கரையையும் கலக்கச் சொல்ல ஆள் வருவார்கள். சந்தையில் நம் வெல்லத்தின் பெயர் அங்கேதான் கெடுகிறது.

தோகையைக் கொளுத்துதல்

கொளுத்தாதீர்கள், பாருக்குப் பார் விட்டுப் பரப்புங்கள்.

மறுதாம்பைச் சும்மா வரும் பயிராக நினைத்தல்

வெட்டி முடித்த வாரத்திலேயே கட்டையைத் தரைமட்டத்துக்குச் சீவ வேண்டும். உயரமாக விட்ட கட்டையின் மேல்கணுவிலிருந்து வரும் தூர்கள் மண்ணில் சொந்த வேர் பிடிக்காமல் பிறகு சாய்ந்துவிடும். பழைய பாரின் பக்கவாட்டை உடைத்துவிட்டால்தான் புது வேர் இறங்கும். இடைவெளி விழுந்த இடங்களை முதல் மாதத்துக்குள் நாற்றாலோ முளைத்த கரணையாலோ நிரப்ப வேண்டும். பிறகு நிரப்பினால் சுற்றியுள்ள தூர்களின் நிழலில் அது வளராது. மறுதாம்புக்குத் தழைச்சத்தை நடவுக் கரும்பைவிடக் கூட்டியும் முன்னதாகவும் இட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலங்களில் இளந்தோகை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. யூரியாவால் அது மாறாது, அன்னபேதிக் (இரும்பு சல்பேட்) கரைசலைத் தெளிக்க வேண்டும்.

இரண்டு மறுதாம்புக்கு மேல் விடுவதை நான் ஆதரிப்பதில்லை. நான்காவது, ஐந்தாவது மறுதாம்பு வைத்திருப்பவர்கள் செலவில்லாத பயிர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கட்டைகளில்தான் புல்தழையும் குட்டை நோயும் ஆண்டுக்கு ஆண்டு சேர்கின்றன, அங்கிருந்துதான் மேலே சொன்ன இலவசக் கரணையும் புறப்படுகிறது.

இடைக்கணுப் புழுவுக்கு மருந்தடிக்க ஓடுதல்

நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புழுவின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டையைக் கட்டுங்கள்.

பதிவு செய்யாமல் ஆலையை நம்புதல்

நட்ட மாதமே கரும்பு அலுவலரிடம் பதிந்து, பதிவுச் சீட்டைக் கையில் வாங்குங்கள்.

வெட்டிய கரும்பைக் காக்கவைத்தல்

வெட்டு உத்தரவு வந்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டார்கள் என்று முழு வயலையும் இரண்டே நாளில் சாய்த்துவிட்டு, வண்டிக்காக நான்கு நாள் காத்திருப்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். வெட்டிய கரும்பில் எடை முதல் நாளிலிருந்தே குறைகிறது. சர்க்கரையும் உடைந்து படிகமாகாத இனிப்பாக மாறத் தொடங்குகிறது. வெயில் ஏறிய பங்குனியில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆலைக்கானாலும் கொட்டகைக்கானாலும் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைக்குமாறு வண்டியையும் ஆட்களையும் முதலில் பேசி முடித்துவிட்டுத்தான் அரிவாளை எடுக்க வேண்டும். வண்டி தாமதமானால் கரும்பை நிழலில் அடுக்கி, தோகையால் மூடித் தண்ணீர் தெளித்துவைப்பது ஓரளவு காக்கும்.

வெட்டுபவர்கள் குனிய மனமில்லாமல் தரைக்கு மேல் நான்கு விரல் விட்டு வெட்டுவதையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். கரும்பில் சர்க்கரை மிகுந்த பகுதி அந்த அடிக்கணுக்களே. விட்டுவிட்டால் எடையும் போகிறது, மறுதாம்புக்குக் கட்டை சீவும் கூலியும் கூடுகிறது. வெட்டு நடக்கும் நாளில் நிலத்துக்காரர் வயலிலேயே நின்று, முதல் பாரை வெட்டி முடித்தவுடன் கட்டைகளைக் காலால் தடவிப் பார்த்து, உயரமாக நிற்பவற்றை அங்கேயே திரும்ப வெட்டச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப் போவதை, கூலி பேசும்போதே ஆட்களிடம் தெரிவித்துவிடுங்கள்.