லாசன் எரிமலையடியில் ஆர்வியோடு முதல் இரவு: புதியவர்களுக்குப் படிப்படியாக

வடக்குக் கலிபோர்னியாவில், லாசன் வால்கானிக் தேசியப் பூங்காவுக்குள் மான்சனிட்டா ஏரி கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது, கூடாரமடித்தோ வண்டியை நிறுத்தியோ இரவு தங்கும் இடம். பைன் காட்டுக்கு நடுவே 179 இடங்கள், சுமார் 5,900 அடி உயரம். ஏரிக்கரை வரை நடந்தால் எதிரே 10,457 அடி லாசன் சிகரம். 1914 முதல் 1917 வரை வெடித்த எரிமலை அது. ஆர்வி என்பது படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி; அதை முதன்முதலாக எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: இங்கே வண்டிக்குக் கரண்ட் இணைப்போ தண்ணீர் இணைப்போ கழிவுநீர் இணைப்போ கிடையாது. கையில் கொண்டுபோவதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

படி 1: இடம் பிடிப்பது

ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்யலாம். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை அடி வண்டி நிற்கும் என்று போட்டிருக்கும். உங்கள் ஆர்வி தானாக ஓடாமல் இன்னொரு வண்டி இழுக்கும் டிரெய்லர் என்றால் அந்த வண்டியின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூங்காவின் மலைச்சாலை 8,500 அடிக்கு மேல் ஏறுகிறது. பனி உருகி முழுதாகத் திறக்க பல வருடங்களில் ஜூன் கடைசி, ஜூலை ஆகிவிடும். அதனால் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம்.

படி 2: மூன்று டேங்குகள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆர்வியில் நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க். சிங்க்கிலும் ஷவரிலும் வடியும் தண்ணீர் கிரே டேங்குக்குப் போகும், கழிப்பறைக் கழிவு பிளாக் டேங்குக்கு. நல்ல தண்ணீரைக் கிளம்பும் முன்பே, குடிநீருக்கென்று விற்கும் ஹோஸில் நிரப்புங்கள். ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு. 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல், வண்டியின் எடை வரம்பில் அதுவும் சேரும். பிளாக் டேங்குக்குள் முதலிலேயே இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றிவிடுங்கள். காய்ந்த டேங்கில் கழிவு ஒட்டிக்கொண்டால் பின்னால் பெரும் பாடு.

எல்லோரும் நல்ல தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். ஆனால் முதலில் நிரம்புவது கிரே டேங்க். என் முதல் பயணத்தில் இரண்டாம் நாள் மாலை ஷவரைத் திறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வடிகால் ஓட்டையிலிருந்து நேற்றுக் கழுவிய பாத்திரத்தின் எண்ணெய்த் தண்ணீர் மேலே வந்து காலைச் சுற்றி நின்றது. நல்ல தண்ணீரோ பாதிக்கு மேல் மிச்சம். அதன் பிறகு பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுகிறோம். குளிப்பதற்குச் சீசனில் கேம்ப் கடையை ஒட்டி காசு போட்டுக் குளிக்கும் அறைகள் இருக்கின்றன, அங்கே போய்விடுவோம்.

படி 3: வண்டியை நிறுத்துவது

வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்புறமும் அந்தப் பக்கம் திரும்பும். ஒருவர் கீழே இறங்கி நின்று பார்க்கட்டும், மேலே கிளைகளையும் சேர்த்து. அப்புறம் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் அடியில் பலகை வைத்து மட்டம் பாருங்கள். கேஸில் ஓடும் பிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது, கெட்டும் போகலாம். சக்கரங்களுக்கு ஆப்பு வைத்த பிறகே டிரெய்லரைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

படி 4: கரண்ட்

கோடையிலும் இங்கே இரவு நன்றாகக் குளிரும். ஹீட்டர் எரிவது கேஸில்தான், ஆனால் அதன் விசிறி ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடிக்கும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், மீட்டரில் 12.1 வோல்ட் பக்கம் வந்தால் சார்ஜ் ஏற்றும் நேரம். ஜெனரேட்டரை அனுமதித்த நேரத்தில் மட்டும் ஓட்டலாம். இந்த உயரத்தில் காற்று மெல்லியது என்பதால் அதன் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனைப் படுக்கும் முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

படி 5: கரடி

கருங்கரடிகள் உலவும் காடு. சாப்பாடு, குப்பை, பற்பசை, சோப்பு என வாசனை உள்ள எதையும் வெளி மேசையில் விடக்கூடாது. இடத்திலேயே இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். விறகை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம். அதில் வரும் பூச்சி இந்த மரங்களைக் கொல்லும். 2021-இல் டிக்ஸி தீயில் இந்தப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்தது. அந்தக் கருகிய மரங்களைப் பார்த்தவர்கள் நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, சாம்பலுக்கு மேலே கையைக் காட்டிச் சூடு பார்க்காமல் தூங்கப் போகமாட்டார்கள்.

படி 6: எரிமலையைப் பார்க்கப் போவது

டிரெய்லரை இங்கேயே விட்டுவிட்டு, இழுக்கும் வண்டியில் மட்டும் காலையிலேயே கிளம்புங்கள். மேலே பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். பம்பஸ் ஹெல் என்ற இடத்துக்குப் போய்வர மூன்று மைல் நடை. சேறு கொப்பளிக்கிறது, நிலத்திலிருந்து ஆவி சீறுகிறது, அழுகிய முட்டை நாற்றம் தொண்டையைப் பிடிக்கிறது. அங்கே மரப்பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும் தரை மெல்லிய ஓடு. அடியில் கொதிக்கும் அமில நீர். கெண்டல் பம்பஸ் என்பவர் 1865-இல் அப்படிக் கால் வைத்து வெந்து, பிறகு அந்தக் காலையே இழந்தார். அவர் பெயர்தான் அந்த இடத்துக்கு. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள்.

படி 7: கிளம்பும் நாள்

டேங்குகளின் கழிவை இறக்கும் டம்ப் ஸ்டேஷன் கேம்ப்கிரவுண்டிலேயே உண்டு. கையுறை போட்டு, கழிவு ஹோஸின் இரு முனையும் இறுகிவிட்டதா என்று இழுத்துப் பாருங்கள். முதலில் பிளாக் டேங்க், அது முழுக்க வடிந்த பிறகு கிரே. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். இரண்டு வால்வையும் மூடுங்கள், மூடியைத் திருகுங்கள், கையுறையைக் குப்பையில் போடுங்கள். கேஸை நிறுத்தி, படிக்கட்டை உள்ளே தள்ளி, வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். மறந்துபோன ஆப்புக்கட்டை சக்கரத்தடியிலேயே கிடக்கும்.